மூன்று மீட்டர் விளிம்பில் ஒரு காடு: ஹைதராபாத் கே.பி.ஆர். தேசியப் பூங்காவில் காக்கப்பட வேண்டியது என்ன?

ஹைதராபாத்: அமீர்பேட் மெட்ரோ சந்திப்பில் ஏறி நீல வழித்தடத்தில் மேற்கு நோக்கிச் சென்றால் நான்காவது நிறுத்தம் ஜூபிலி ஹில்ஸ் செக்போஸ்ட். மென்பொருள் பயிற்சி நிலையங்களும் விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் அடுக்கி வைக்கப்பட்ட அமீர்பேட்டில், வனம் என்ற சொல்லைச் சுமந்து நிற்பது 'மைத்ரிவனம்' என்னும் கட்டடம்தான். அங்கிருந்து பத்து நிமிட ரயில் பயணத்தில் உண்மையான வனம் ஒன்று இருக்கிறது. காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்கா என்பது அதன் முழுப்பெயர். நகர மக்களுக்கு அது கே.பி.ஆர். பார்க்.

இந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள ஆறு சாலைச் சந்திப்புகளில் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் அமைக்கும் திட்டத்தைத் தெலங்கானா அரசு 2024-ஆம் ஆண்டு அறிவித்தது. பூங்காவுக்குள் ஒரு தூண்கூட எழும்பப் போவதில்லை, வெளியேதான் பணிகள் என்பது திட்டத்தை ஆதரிப்போரின் வாதம். வெளியே நடப்பது உள்ளே இருக்கும் காட்டை எப்படித் தொடும் என்ற கேள்விக்கு விடை தேட, முதலில் அது எத்தகைய காடு என்பதைப் பார்க்க வேண்டும்.

பூங்காவா, காடா?

பெயரில் பூங்கா என்று இருந்தாலும் இது மலர்ப்பாத்திகளும் புல்தரையும் கொண்ட இடமன்று. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் 1990-களில் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா. அந்தச் சட்டத்தின் பார்வையில் முதுமலைக்கும் இதற்கும் தகுதியில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு பரப்பில்தான் இருக்கிறது. அரசுப் பட்டியல்களில் இதன் பரப்பு 1.43 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 353 ஏக்கர். 390 ஏக்கர் என்று குறிப்பிடுவோரும் உண்டு.

நிஜாம் வம்சத்தின் வசமிருந்த நிலம் இது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பேரனும், 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமானவருமான முகரம் ஜாவின் சிரான் அரண்மனை இன்றும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. 1964 முதல் 1971 வரை ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்த காசு பிரம்மானந்த ரெட்டியின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. நகரம் நான்கு திசைகளிலும் வளர்ந்தபோது இந்நிலம் மனைகளாகப் பிரியாமல் போனதற்கு, நெடுங்காலம் அது ஓர் அரச குடும்பத்தின் வேலிக்குள் இருந்தது முக்கியக் காரணம். இந்தியாவின் நகர்ப்புறக் காடுகள் பலவும் இப்படித்தான் தப்பியிருக்கின்றன. சென்னையின் கிண்டிக் காடு ஆளுநர் மாளிகையின் தோட்டமாக இருந்ததால் பிழைத்தது.

இங்கிலாந்தில் பழங்காடு என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1600-ஆம் ஆண்டு முதல் இடையறாது மரங்கள் இருந்துவரும் நிலமே அந்நாட்டில் பழங்காடு எனப் பட்டியலிடப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வகைப்பாடு இல்லை. கே.பி.ஆர். பூங்காவில் வானுயர்ந்த மரங்களைத் தேடிச் செல்பவர் ஏமாந்தே திரும்புவார். இங்கு பழமை கிளைகளில் தெரிவதில்லை, தரையில் இருக்கிறது. தக்காணப் பீடபூமியின் இப்பகுதியில் வெளித்தெரியும் கருங்கல் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. வெயிலிலும் மழையிலும் அவை உடைந்து உருவான சரளை மண்ணில், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை நம்பி வளர்ந்த புதர்களும் குட்டை மரங்களுமே இந்நிலத்தின் இயற்கையான தாவரம். நகரம் உருவாவதற்கு முன் இப்பகுதி எப்படியிருந்தது என்பதற்குச் சான்றாக எஞ்சியுள்ள சில இடங்களில் இதுவும் ஒன்று.

கோடையில் இக்காட்டைப் பார்ப்பவருக்கு அது பட்டுப்போன நிலம்போலத் தோன்றும். வறண்ட இலையுதிர் காட்டின் இயல்பே அதுதான். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை மரங்கள் இலைகளை உதிர்த்து, நீரிழப்பைத் தடுத்துக்கொள்கின்றன. புரசு மரம் இலையில்லாத கிளைகளில் செந்நிறமாகப் பூப்பது இந்தக் காலத்தில்தான். உதிர்ந்த சருகு குப்பையன்று. கரையான்களும் பூஞ்சைகளும் அதைச் சிதைத்து, மண்ணுக்குச் சத்தாகத் திருப்பித் தருகின்றன. சருகு பெருக்கி அகற்றப்படும் காட்டில் கரையான் குறையும். கரையானைத் தின்று வாழும் உயிர்களும் குறையும்.

இவ்வகை நிலத்தை வருவாய்த்துறை மொழி பெரும்பாலும் தரிசு என்றே குறித்து வந்திருக்கிறது. அதே நிலத்தின் உயிர்களைத்தான் தெலங்கானா தன் அடையாளங்களாகத் தேர்ந்தெடுத்தது என்பது சற்று விந்தையான முரண். மாநில மலர் ஆவாரை. மாநில மரம் வன்னி. மாநிலப் பறவை பனங்காடை. மூன்றுமே வறண்ட புதர்நிலத்துக்கு உரியவை. பதுக்கம்மா பண்டிகைக்குப் பெண்கள் அடுக்கும் பூக்களில் முதலிடம் பெறும் 'தங்கேடு', நம் ஊர்ச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரம்பூதான்.

மழைக்குப் பின் விழிக்கும் உயிர்கள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரக் காடுகள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருப்பவை. தக்காணத்தின் காடுகளுக்கோ ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையே ஆண்டின் தொடக்கம். முதல் மழை பெய்த ஓரிரு நாள்களில், பாறைப் பள்ளங்களில் தேங்கிய நீரில் தவளைகள் முட்டையிடுகின்றன. ஈசல்கள் புற்றுகளிலிருந்து கிளம்புகின்றன. செம்பட்டுத் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சிகள் வெளிவருகின்றன. தெலுங்கில் இதற்கு 'ஆருத்ர புருகு' என்று பெயர். திருவாதிரை ஞாயிற்றில் தோன்றும் பூச்சி என்பது பொருள். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இந்த உயிர்களுக்கு வேண்டியது, மூடப்படாத, இறுக்கப்படாத மண்.

மயில்களின் இனப்பெருக்கமும் மழையோடு சேர்ந்ததே. பெண்மயில் கூடு கட்டுவதில்லை. புதருக்கடியில் தரையில் முட்டையிட்டு, ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். இந்த நான்கு வாரங்களில் ஒரு தெருநாய் உள்ளே நுழைந்தாலே போதும், அந்த ஆண்டின் குஞ்சுகள் இல்லாமல் போகும். நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு மயிலின் அகவல் பழகிப்போன ஒலி. அதன் முட்டை இருக்கும் இடம் எவ்வளவு எளிதில் சிதையக்கூடியது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

இப்பூங்காவில் 600-க்கும் மேற்பட்ட தாவர வகைகளும் சுமார் 140 வகைப் பறவைகளும் இருப்பதாக வழக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. முள்ளம்பன்றி, காட்டுப்பூனை, சிறு புனுகுப்பூனை, எறும்புத்தின்னி ஆகியவையும் இதன் விலங்குப் பட்டியலில் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை என்பதால், காலையும் மாலையும் வரும் ஆயிரக்கணக்கானோரின் கண்ணில் படுவதில்லை. பழங்களைத் தின்று வேறோர் இடத்தில் எச்சமிடும் புனுகுப்பூனை, காட்டில் விதை விதைக்கும் உயிர்களில் ஒன்று. எறும்புத்தின்னி எறும்பையும் கரையானையும் தவிர வேறெதையும் பெரிதாக உண்பதில்லை. ஆபத்து நேரும்போது ஓடாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இயல்புடையது. சிறுத்தையிடமிருந்துகூட அதைக் காப்பாற்றும் இந்த உத்தி, வாகனச் சக்கரத்திடம் பலிக்காது.

பரப்பைவிட விளிம்பு முக்கியம்

ஒரு காட்டின் ஓரத்தில் வெயில் கூடுதலாக விழும். காற்று வேகமாக வீசும், ஈரம் குறையும். சாலையின் தூசியும் ஒளியும் ஒலியும் முதலில் தாக்குவது ஓரத்தைத்தான். உள்காட்டில் வாழப் பழகிய உயிர்கள் ஓரத்தைத் தவிர்க்கும். அந்த இடத்தை எங்கும் வளரக்கூடிய களைகளும் எதையும் தின்னக்கூடிய விலங்குகளும் பிடிக்கும். சூழலியலாளர்கள் இதனை விளிம்பு விளைவு என்கின்றனர்.

இது எவ்வளவு தூரம் உள்ளே செல்லும் என்பது உயிருக்கு உயிர் மாறுபடும். ஒரு கணக்குக்காக 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1.43 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு, விளிம்பு மிகக் குறைவாக இருக்கக்கூடிய வட்ட வடிவில் இருப்பதாகவே கொண்டாலும் அதன் ஆரம் சுமார் 675 மீட்டர்தான். ஓரத்திலிருந்து நடு மையத்துக்குப் பத்து நிமிட நடை. அதில் 200 மீட்டரைக் கழித்தால் எஞ்சும் உள்காடு ஏறக்குறைய 0.71 சதுர கிலோமீட்டர். பாதிக் காடு விளிம்பாகிவிட்டது.

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இதே கணக்கை அங்கே போட்டால் விளிம்பாகும் பகுதி 7 விழுக்காடு மட்டுமே. ஒரே அகலச் சாலை, ஒரே அளவு இரைச்சல், ஒரே விளக்கொளி. பெரிய காட்டுக்குக் கீறலாக இருப்பது சிறிய காட்டுக்கு வெட்டுக்காயமாகிறது. எனவே 'வேலிக்கு வெளியேதானே' என்ற வாதம் முதுமலைக்குச் சொல்லப்படும்போது ஒரு பொருளும், கே.பி.ஆர். பூங்காவுக்குச் சொல்லப்படும்போது வேறு பொருளும் தருகிறது.

ஒலியின் தாக்கம் வெறும் ஊகமன்று. நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக் குருவி இனப் பறவைகளை ஆராய்ந்தவர்கள், இரைச்சல் மிகுந்த பகுதியில் வாழ்பவை தம் பாட்டின் தாழ்ந்த சுரங்களை விட்டு உயர்ந்த சுரத்தில் பாடுவதை 2003-ஆம் ஆண்டு வெளியிட்டனர். வாகன இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், அதற்கு மேலே ஏறினால்தான் துணைக்குக் கேட்கும். எல்லாப் பறவைகளாலும் சுரத்தை மாற்றிக்கொள்ள இயலாது. மேம்பாலம் என்பது இந்த இரைச்சலையும் விளக்கொளியையும் தரைமட்டத்திலிருந்து மரக்கிளைகளின் உயரத்துக்கு ஏற்றும் அமைப்பு என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

களைகளின் கதை இன்னும் பழையது. அழகுச்செடியாக அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடியும், 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியமும், மண் கிளறப்படும் இடத்தில் முதலில் முளைப்பவை. கட்டுமானம் நடக்கும் ஒவ்வொரு சாலையோரமும் அவற்றுக்கு நாற்றங்கால்.

சட்டம் தரும் இடைவெளி

காட்டுக்கும் நகருக்கும் இடையே ஒரு மெத்தை போன்ற இடைவெளி வேண்டும் என்பதற்காகவே சூழல் உணர்திறன் மண்டலம் என்ற ஏற்பாடு உள்ளது. அந்த மண்டலத்தில் எல்லாம் தடைசெய்யப்படுவதில்லை. குவாரி, மாசுபடுத்தும் ஆலை போன்றவை தடுக்கப்பட்டு, பிற பணிகள் ஒழுங்குபடுத்தப்படும். கே.பி.ஆர். பூங்காவுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வரைவு அறிவிக்கையில் இந்த மண்டலத்தின் அகலம் 3 மீட்டர் முதல் 29.8 மீட்டர் வரை எனக் குறிக்கப்பட்டது. 3 மீட்டர் என்பது ஒரு நகரப் பேருந்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல்.

2022 ஜூன் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அளவுகோலைக் கே.பி.ஆர். பூங்காவுக்குப் பொருத்தினால் பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் குடியிருப்புகளின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். நாடு முழுவதும் இத்தகைய நடைமுறைச் சிக்கல்கள் எழுந்ததை அடுத்து, 2023 ஏப்ரல் 26-ஆம் தேதி நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது. இந்த உத்தரவுகள் பிறந்த வழக்கின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு அது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், யாருடைய நிலம் என்பது பொருட்டல்ல என்று 1996 டிசம்பர் 12-இல் நீதிமன்றம் கூறியதும் இதே வழக்கில்தான்.

ஒரு கிலோமீட்டர் இயலாது என்பது நியாயமே. ஆனால், ஒரு கிலோமீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் இடையே தேர்ந்துகொள்ள எவ்வளவோ இடம் இருக்கிறது.

போக்குவரத்து நெரிசலும் கற்பனையன்று. மேற்கே ஹைடெக் சிட்டியில் வேலை, கிழக்கே அமீர்பேட், பஞ்சாகுட்டா பகுதிகளில் வீடு என்று வாழும் பெருங்கூட்டம் நாள்தோறும் இந்தச் சந்திப்புகளைக் கடந்தே ஆக வேண்டும். இதற்குத் தீர்வாக 2016-ஆம் ஆண்டிலும் பல அடுக்கு மேம்பாலத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்ற நிலையில் பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். விவகாரம் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. இப்போதைய திட்டம் அதன் மறுபிறவி என்று சூழல் ஆர்வலர்கள் கருதுவதற்கு இதுவே காரணம். வெட்டும் மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் நடுவோம், வேரோடு பெயர்த்து நடுவோம் என்ற உறுதிமொழிகள் இரு முறையும் பேசப்படுபவைதான். பெயர்த்து நட்ட மரம் பிழைத்தாலும், அது நின்ற இடத்தின் நிழலும் மண்ணும் அதனோடு பெயர்ந்து போவதில்லை.

தனித்தீவாகும் காடு

சிறிய காட்டுக்கு அடுத்த இடர் தனிமை. பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நகரின் தோட்டங்களும் பாறைக்குன்றுகளும் ஏரிக்கரைகளும் படிக்கற்கள்போல உதவுகின்றன. புனுகுப்பூனைக்கோ எறும்புத்தின்னிக்கோ அந்த வசதி இல்லை. வெளியிலிருந்து புது விலங்கு வந்து சேராவிட்டால், சில தலைமுறைகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து இனம் நலிகிறது.

அந்தப் படிக்கற்களில் ஒன்றுதான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலி. 'கஞ்ச' என்றால் மேய்ச்சல் நிலம். அங்கே சுமார் 400 ஏக்கரைத் தொழில்துறைக்கு ஒதுக்கும் நோக்கில் 2025 மார்ச் இறுதியில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் போராடினர். இரவிலும் பணி நடந்த காணொலிகள் நாடெங்கும் பரவின. ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, பணிகளை நிறுத்தியது. அதற்குள் 100 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் மரங்கள் வீழ்த்தப்பட்டிருந்தன. கே.பி.ஆர். பூங்காவைப் போன்ற அதே பாறை, அதே புதர், அதே மயில்கள். ஆனால், தேசியப் பூங்கா என்ற அறிவிப்பு அந்நிலத்துக்கு இல்லை. சட்டத்தின் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. பெயர்ப்பலகை இருந்தும் விளிம்பில் என்ன நேரலாம் என்பதற்குக் கே.பி.ஆர். பூங்கா எடுத்துக்காட்டாகிவிடுமோ என்பதே இப்போதைய கவலை.

கிண்டி இதற்கு முன்னரே இந்த வழியில் சென்றிருக்கிறது. 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 5 சதுர கிலோமீட்டராக இருந்த அது, கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டு, இன்று 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக நிற்கிறது. வெளிமான் கூட்டம் இன்னும் அங்கே மேய்வது, எஞ்சியதற்கேனும் வேலி போடப்பட்டதால்தான்.

சிங்கப்பூரின் புக்கித் திமா இயற்கைக் காப்பகம் பரப்பில் ஏறக்குறைய கே.பி.ஆர். பூங்காவின் அளவே: 1.63 சதுர கிலோமீட்டர். 1980-களில் போடப்பட்ட புக்கித் திமா விரைவுச்சாலை அதனை அருகிலிருந்த பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. சாலையைக் கடக்க முயன்ற எறும்புத்தின்னிகள் வாகனங்களில் அடிபட்டன. கால் நூற்றாண்டுக்குப் பின், 2013-இல், அதே சாலையின் மீது மண் நிரப்பி மரம் நட்டு, விலங்குகளுக்கென 62 மீட்டர் நீளப் பாலம் ஒன்றைச் சிங்கப்பூர் கட்டி முடித்தது. மனிதர் நடக்க அனுமதி இல்லாத அந்தப் பாலத்தில் எறும்புத்தின்னி கடந்து சென்றதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன.